அரை மில்லி மூக்குத் தண்ணீர்

கெமிஸ்ட்ரி வாத்தியாரிடம் அவருடைய உடம்பையே சாம்பிளாகக் கொடுக்கக் கூடாது. இருபது வருஷமாகப் பிள்ளைகளிடம், "வேற எதுவும் கலந்தா ரிசல்ட் குப்பைடா!" என்று கத்தியவன் நான். என் சொந்த மூக்கு விஷயத்தில் செய்த காரியம் தெரிந்தால் வேலையை விட்டே தூக்கிவிடுவார்கள். (கன்னடக்கார ஹெட்மாஸ்டருக்குத் தமிழ் படிக்க வராது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

ஜீவனஹள்ளியில் ஸ்கூட்டரோடு விழுந்து, நெற்றியில் நாலு தையல். பத்து நாள் கழித்து, குனிந்தால் இடது மூக்கில் மட்டும் தெளிந்த தண்ணீர் சொட்டியது. ஜலதோஷம் என்றேன். என் மனைவி ஸ்டெல்லா நம்பாமல் காது மூக்கு டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"சளியா இருக்கலாம். மூளையைச் சுத்தி இருக்கிற தண்ணியாவும் இருக்கலாம் சார். அப்படின்னா கிருமி நேரா மேல ஏறிடும், உயிருக்கே ஆபத்து," என்றார் டாக்டர். அந்தத் தண்ணீரில் இருக்கும், சளியில் இல்லாத ஒரு புரதத்தை லேபில் தேடுவார்களாம். ஒரு குட்டி பாட்டிலைத் தந்தார். "குனிஞ்சு உக்காந்து சொட்டுறதைப் பிடிங்க. அரை மில்லி போதும்."

அரை மில்லியா? பாட்டிலோ ஐந்து மில்லி. அடியில் ஒட்டிக்கொண்டிருப்பதை நீட்டினால் லேபில் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ஒரு மணி நேரம் குனிந்ததில் பாட்டிலின் அடிதான் நனைந்தது. பொறுமை போய், சமையலறையில் இரண்டு பச்சை மிளகாயைக் கடித்தேன். அடேயப்பா! இரண்டு மூக்கும் கண்ணும் போட்டி போட்டுக்கொண்டு கொட்டின. அத்தனையையும் பிடித்துக் கழுத்துவரை நிரப்பினேன்.

லேப் பெண் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். "யாக்கே சார், எதுக்கு இவ்ளோ?"

"நம்மகிட்ட எப்பவும் ஃபுல்லாத்தாம்மா இருக்கும்," என்றேன் பெருமையாக.

ரிசல்ட் வந்தது. புரதம் இல்லை! சிவாஜிநகரில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். பெட்டியைத் திறந்து, பவ்யமாகக் குனிந்து நீட்டினேன். மைசூர்பாகின் மேல் ஒரு சொட்டு விழுந்தது.

டாக்டர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எப்படி சார் பிடிச்சீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா முந்திக்கொண்டாள். "அன்னிக்கு சிங்க்ல ரெண்டு மிளகாய்க் காம்பு கெடந்துச்சு டாக்டர். இவரு கண்ணும் செவசெவன்னு இருந்துச்சு."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இவ்ளோ சளியைக் கலந்தா புரதம் எப்படி சார் சிக்கும்? என்ன வேலை பார்க்கறீங்க?"

அதையும் ஸ்டெல்லாவே சொல்லிவிட்டாள்.

மறுமுறை பிடிக்கும்போது ஜெபமாலையோடு எதிரிலேயே உட்கார்ந்து காவல் காத்தாள். சரியாக அரை மில்லி. புரதம் இருந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். அவள் திட்டவே இல்லை. "அந்தச் சொட்டு மட்டும் அன்னிக்கு விழலேன்னா..." என்று ஆரம்பித்தவள் மறுபடி ஜெபமாலையைக் கையில் எடுத்தாள். மூக்கு வழியாகவே ஆபரேஷன் செய்து ஓட்டையை அடைத்தார்கள்.

இன்றும் விருந்தாளிகளுக்கு நான் காபியைத் தளும்பத் தளும்ப ஊற்றினால், "அப்பா, டாக்டர் அரை மில்லிதான் கேட்டாரு!" என்று மகள் உள்ளேயிருந்து கத்துவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நான் டம்ளரைக் குனிந்து வைத்து நிமிரும்வரை ஸ்டெல்லா மட்டும் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பாள்.