மருதாணிக் கால் மாப்பிள்ளை

பெண் பார்க்கப் போகிறவன் முகத்துக்கு மட்டும் பவுடர் பூசிக்கொள்வது மடத்தனம். பெண் தலை குனிந்துதான் வருவாள். அவள் கண்ணில் முதலில் படுவது நம்முடைய கால்கள். இந்த ஞானம் எனக்குப் பிறந்தபோது என் கால்கள் செக்கச்செவேல் என்று இருந்தன.

மைசூரில் மகாராஜா ஆட்சி நடந்த காலம். குமாஸ்தா வேலை கிடைத்த மிதப்பில் பூட்ஸும் அதற்குள் மாட்டும் மேஜோடும் வாங்கியிருந்தேன். அந்த வருடம் தூறல் ஓயவே இல்லை. சாமுண்டி மலை மேகத்துக்குள் கரைவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு, நனைந்த மேஜோட்டைக் கழற்றாமலே திரிவேன். (பெரிய திவான் என்று நினைப்பு!) விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண் வந்துவிட்டது.

பெண் பார்க்கும் நாளன்று அரிப்புத் தாங்கவில்லை. அக்கா மருதாணி அரைத்துக் கொடுத்து, இடுக்கில் மட்டும் தடவிச் சீக்கிரம் கழுவிவிடச் சொன்னாள். நிறையப் பூசினால் நிறையக் குணமாகும் என்று கணுக்கால் வரை அப்பிக்கொண்டு சாய்ந்தேன். மருதாணியின் குளிர்ச்சி, ஓட்டின்மேல் மழை, எங்கிருந்தோ சம்பங்கி வாசனை. கண் செருகியது. தரையில் கால் படாமல் மேகத்தில் நடந்தேன். முகம் தெரியாத ஒருத்தி கூடவே நடந்தாள். அரிப்பே இல்லாத உலகம் அது.

அக்கா உலுக்கியபோது மாலையாகிவிட்டது. எவ்வளவு தேய்த்தும் சிவப்பு போகவில்லை.

அக்ரஹாரத்தில் பெண் வீடு. வாசலில் பூட்ஸைக் கழற்றித்தானே ஆகவேண்டும். கால் கழுவத் தண்ணீர் கொடுத்த பெண்ணின் அப்பா, மணப்பெண்ணுக்கு இருக்கவேண்டிய சிவப்போடு இருந்த என் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "இரலி, உள்ளே வாங்கோ" என்றார். (இருக்கட்டும் என்பதைக் கன்னடத்தில் சொன்னார்.) அந்தக் குரலிலேயே சம்பந்தம் பாதி முறிந்திருந்தது.

விளக்கொளியில் அவள் வந்தாள். கனவில் என்னோடு நடந்தவள் இவள்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. இந்த இடம் தப்பிவிடக்கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. காலை வேட்டிக்குள் இழுத்தேன், வேட்டி போதவில்லை. நமஸ்காரம் செய்யக் குனிந்தவள் எழுந்திருக்கவே இல்லை. பிறகு மெல்ல எழுந்து தன் அம்மாவிடம் சொன்னாள்.

"சேத்துப்புண்தாம்மா. ஈர மேஜோட்டோட இருந்தா மருதாணி என்ன பண்ணும்? தெனமும் இடுக்கை நன்னாத் தொடைச்சு உலர விடணும். கூட இருந்து சொல்ல ஆளில்லை போலிருக்கு."

"அதுக்கு நீ போறியா?" என்றாள் அம்மா.

அவள் இன்னொரு முறை என் காலைப் பார்த்தாள். மறுக்கவில்லை.

கல்யாணமானதிலிருந்து நான் வீடு திரும்பும்போது வாசற்படியில் உலர்ந்த துண்டு காத்திருக்கிறது. பண்டிகை நாளில் பிள்ளைகள் என் காலில் விழுந்தால் சட்டென்று எழுவதில்லை. விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்து, சமையலறைப் பக்கம் குரல் கொடுக்கிறார்கள்: "உலர்ந்திருக்கும்மா."

அதற்குப் பிறகுதான் எனக்குப் பாயசம்.