ஆய்வில் உள்ள வீடு

"வீடு வாடகைக்கா, விலைக்கா?"

"ரெண்டுக்கும் இல்லைங்க."

"அப்புறம் எதுக்கு போர்டு மாட்டி வெச்சிருக்கீங்க?"

காலையிலிருந்து இது ஒன்பதாவது அழைப்பு. துர்கா கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வகுப்பைப் பார்த்தாள். நாற்பது பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பல்கலைக்கழகத்தில் அவள் நடத்தியது 'நகர வரலாறும் பொது வரலாறும்' என்ற பாடம். அவள் ஒப்பந்த விரிவுரையாளர். பாடமும் ஏறக்குறைய ஒப்பந்தம்தான். இந்தப் பருவம் ஒழுங்காக முடிந்தால்தான் அடுத்த வருடம் இரண்டும் இருக்கும். வரலாறு நூலகத்துக்குள்ளேயே அடைந்து கிடக்கக் கூடாது, தெருவில் போகிறவர் கண்ணிலும் பட வேண்டும் என்பது அவள் கொள்கை. அதற்காக மாணவர்கள் குழு குழுவாகப் பிரிந்து, புதுச்சேரி நகரத்தில் குழுவுக்கொரு பழைய வீட்டு வாசலில் தகவல் பலகை வைத்திருந்தார்கள். மற்ற குழுக்களின் பலகைகளை நாய்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. விஜய்யின் குழு வைத்ததைத்தான் ஊரே படித்தது.

"விஜய், அப்படி என்னதான் எழுதின?"

"'இந்த வீட்டைப் பற்றி அறிய விரும்புவோர் அழைக்கவும்'னு, மேடம். கீழ உங்க நம்பர்."

"என் நம்பர் எதுக்குப்பா?"

"வரலாறு எழுதறவங்க பொறுப்பு ஏத்துக்கணும்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

அடக்கி வைத்திருந்த சிரிப்பு உடைந்தது.

"வீட்டுக்காரர்கிட்டயாவது கேட்டுக்கிட்டுதானே மாட்டின?"

"வாசல்ல ஒரு பாய் உக்காந்திருந்தாரு மேடம். தாராளமா மாட்டிக்கோன்னாரு. ஆணி அடிக்க சுத்தியலும் அவரே குடுத்தாரு."

அன்று மாலை அரியாங்குப்பத்துக்கு வீடு திரும்பும் வழியில் துர்கா நகரத்தில் இறங்கினாள். பெரிய மார்க்கெட்டுக்குத் தெற்கே ஒரு சந்தில் இருந்தது அந்த வீடு. காரை உதிர்ந்த சுவர், கனத்த மரக்கதவு. முன்னறையில் ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய அண்டாக்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன. கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுவது பக்ருதீனின் தொழில். வயது அறுபதை நெருங்கியிருக்கும். விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மன்னிச்சிடுங்க பாய். பசங்க தெரியாம எழுதிட்டாங்க. இப்பவே கழட்டிடச் சொல்றேன்."

"கழட்டறதா? எதுக்கும்மா? இந்த வீட்டுக்கு இப்பத்தான் ஒரு மரியாதை வந்திருக்கு." உள்ளே திரும்பி, "சுரையா, டீச்சர் வந்திருக்காங்க, டீ போடு" என்றார். "வார்த்தையை மட்டும் மாத்துங்க. வீடு பாக்க வந்திருக்கோம்னு ஆளாளுக்குக் கதவைத் தட்டறாங்க. இது பெரிய ஆராய்ச்சின்னு தெரியற மாதிரி எழுதிடுங்க, போதும்."

துர்காவுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. 'சமூகப் பங்கேற்பு' என்று புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுவது, இதோ, ஏலக்காய் போட்ட டீயுடன் எதிரே உட்கார்ந்திருந்தது.

இரண்டு நாளில் புதிய பலகை வந்தது. 'இந்த வீட்டின் வரலாறு ஆய்வில் உள்ளது. வீடு யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதற்கான பழைய பத்திரங்கள் தேடப்படுகின்றன. விவரம் தெரிந்தவர்கள் அழைக்கவும்.'

பக்ருதீன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இருமுறை படித்தார்.

"பிரமாதம். அந்தத் 'தேடப்படுகின்றன'வை மட்டும் செவப்புல எழுதச் சொல்லுங்க."

வாடகைக்குக் கேட்டவர்கள் அன்றோடு நின்றார்கள். மறுநாளிலிருந்து வாரிசுகள் வர ஆரம்பித்தார்கள். காரைக்காலிலிருந்து ஓர் அம்மாள், அந்த வீட்டுக் கிணற்றடியில்தான் தன் பாட்டனார் பிறந்தார் என்றார். வில்லியனூரிலிருந்து ஒருவர், மூன்றில் ஒரு பங்கு தன்னுடையது, பத்திரத்தைத்தான் கரையான் தின்றுவிட்டது என்றார். துர்கா முதலில் மகிழ்ந்துபோய் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். நான்காம் நாள், நீளமான ஏதோ ஓர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அலோ மதாம், அது என் வீடு!"

"சரிங்க சார். உங்களுக்கு முன்னாடி ஆறு பேர் இதையேதான் சொன்னாங்க. நீங்க பேசறதைப் பதிவு பண்ணிக்கலாமா? வாய்மொழி வரலாறுல சேத்துக்கறோம்."

எதிர்முனையில் இருந்தவர் பிரெஞ்சில் ஏதோ சீறிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தார். 'ஏழு: கோபக்காரர்' என்று துர்கா பட்டியலில் குறித்துக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் துறைத்தலைவர் கலைவாணி கூப்பிட்டு அனுப்பினார்.

"துர்கா, ஒரு வக்கீல் நேரா என் ரூமுக்கே வந்துட்டாரு. அந்த வீட்டுல வில்லங்கம் இருக்கான்னு எங்கிட்ட கேக்கறாரு. நான் என்ன பத்திரப்பதிவு ஆபீஸா நடத்தறேன்?"

"சரி பண்ணிடறேன் மேடம்."

"பண்ணுங்க. இன்னொரு ஆள் இப்படி வந்தா, அடுத்த வருஷம் இந்தப் பாடத்துக்கு நான் கையெழுத்துப் போடறதா இல்ல."

துர்கா ஓட்டமும் நடையுமாகச் சந்துக்குப் போனாள். பக்ருதீன் முகம் வாடியிருந்தது.

"நேத்து கார்ல நாலு பேர் வந்தாங்க டீச்சர். எறங்குனாங்க, போர்டைப் படிச்சாங்க, அப்படியே ஏறிப் போயிட்டாங்க. ஒரு வாய் டீகூடக் குடிக்கல."

இவர் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை வாசலோடு திருப்பி அனுப்பிய பாவம் தன்னுடையது என்று துர்காவுக்குத் தோன்றியது.

"இந்த வீட்டில் எந்த வில்லங்கமும் இல்லைன்னு தெளிவா போட்டுடலாம் பாய்."

"போடுங்க. பெரிய எழுத்துல போடுங்க. பிரெஞ்சுலயும் போட்டுட்டா இன்னும் நல்லது. இந்த ஊர்ல பாதிப் பேருக்கு அங்கதானே சொந்தக்காரங்க?"

வீட்டு வாசலில் வில்லங்கம் இல்லை என்று ஒருவர் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தால், படிக்கிற ஊர் என்ன நினைக்கும் என்பதைத் துர்கா யோசித்திருக்கலாம். இதுவரை பேசாமல் கடந்து போனவர்களும் இப்போது நின்று, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, தலையாட்டிவிட்டுப் போனார்கள். பிரெஞ்சு அதைவிட மோசமாக வேலை செய்தது. அதை எழுதியவள் சரிதா, எட்டாம் வகுப்புவரை பிரெஞ்சு படித்த மாணவி. ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர் அதிகாலையிலேயே அழைத்தார்.

"அம்மா, 'ப்ரொப்ரியெத்தே'ன்னா சொத்து. நீங்க போட்டிருக்கிறது 'ப்ரொப்ரெத்தே'. அப்படின்னா சுத்தம். இந்த வீட்டில் சுத்தக்குறைவு எதுவும் இல்லைன்னு எழுதி வெச்சிருக்கீங்க."

"ஐயோ!"

"படிச்சவங்களுக்கெல்லாம் உள்ள என்னவோ நாறுதுன்னுதானே தோணும்?"

யாருக்கோ அப்படித்தான் தோன்றி, நகராட்சிக்குப் புகார் போயிருக்கிறது. துர்கா போய்ச் சேர்ந்தபோது சந்து முழுக்க வெள்ளைப் புகை. கொசுமருந்து அடிக்கிறவர் அண்டாக்களைக்கூட விடாமல் ஒவ்வொன்றுக்குள்ளும் குழாயை விட்டுக்கொண்டிருந்தார். புகைக்குள்ளிருந்து பக்ருதீன் இருமிக்கொண்டே வந்தார். பின்னாலேயே முக்காட்டை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுரையா.

துர்காவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. புகையாலும் இருக்கலாம்.

"போதும் பாய். உங்களை நான் படுத்தினது போதும். இன்னைக்கே போர்டைக் கழட்டிடறேன்."

"அவசரப்படாதீங்க டீச்சர்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இப்பக் கழட்டினா, ஏதோ இருந்துச்சு, அதான் கழட்டிட்டாங்கன்னு ஊரு பேசும். ஒரே ஒரு வரி போட்டுடுங்க. 'இது பழம்பெருமை வாய்ந்த வீடு. இடிக்காமல் பாதுகாக்கப்பட வேண்டும்.' அவ்ளோதான். நம்பர் வேணாம், பிரெஞ்சு வேணாம். ஒரு வம்பும் வராது."

துர்கா அவரையே பார்த்தாள். இத்தனைக்குப் பிறகும் கோபப்படாமல், தன் வீட்டுக்குத் தானே வாசகம் எடுத்துக் கொடுக்கும் மனிதர்! மறு பேச்சுப் பேசாமல் அதையே எழுத வைத்தாள்.

அவர் சொன்னது பலித்தது. வக்கீல் வரவில்லை, வாரிசுகள் வரவில்லை, கைப்பேசி ஊமையானது. பருவத்தின் இறுதியில் வெளியூரிலிருந்து மதிப்பீட்டுக்கு வந்த பேராசிரியர், விஜய் குழுவின் அறிக்கையை மட்டும் நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"ஒரு பலகையை மூணு தரம் திருத்தி எழுதியிருக்கீங்க. ஒவ்வொரு தரமும் வீட்டுக்காரரைக் கலந்துகிட்டு! தகவல்களையெல்லாம் சரிபார்த்தீங்களா?"

"ஒண்ணு விடாம சார்" என்றாள் துர்கா.

பாடம் அடுத்த வருடமும் தொடரும் என்று கலைவாணி அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். "அந்த வீட்டுக்காரருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் குடுத்துடுங்க" என்றும் சொன்னார்.

சான்றிதழைக் கண்ணாடி போட்டு எடுத்துக்கொண்டு துர்கா போனபோது கதவு பூட்டியிருந்தது. எதிர்ப்பக்கம் வண்டியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த செல்வாம்பாள் நிமிர்ந்தாள்.

"பாய் இல்லம்மா. நோணாங்குப்பத்துல கல்யாணம், பாத்திரம் எறக்கப் போயிருக்காரு. பொண்டாட்டியும் கூடப் போயிருக்கு. எதனா சொல்லணுமா?"

"இதை அவர்கிட்ட குடுத்துடறீங்களா? யுனிவர்சிட்டிலேர்ந்து குடுத்தாங்கன்னு சொல்லுங்க."

செல்வாம்பாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். 'வீட்டின் உரிமையாளர் திரு. பக்ருதீன் அவர்களுக்கு' என்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"உரிமையாளரா? பாய் பதினெட்டு வருஷமா அதுல வாடகைக்கு இருக்காரும்மா; வூட்டுக்காரரு பிரான்சுல இருக்காரு, வித்துடலாம்னு ஆறு மாசமா ஆள் மேல ஆள் அனுப்பிப் பாத்தாரு, வந்தவன்லாம் போர்டைப் படிச்சிட்டு ஓட்றான்னு போன வாரந்தான் விக்கவே வேணாம்னு உட்டுட்டாரு!"