மகளின் பத்துச் சொட்டு ரத்தம் குறித்து மாப்பிள்ளைக்கு

கப்பலில் இருக்கும் மாப்பிள்ளைக்கு, உங்கள் மனைவியின் தாய்மாமன் ஆசியோடு எழுதுவது. நீங்களும் கடலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதறாமல் படிக்கவும். இப்படியெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். சொன்னபோது பக்கத்தில் யாரும் இல்லை, அது என் குற்றமா?

பிறந்து இருபதே நாளான உங்கள் மகள் இரண்டு நாளாகச் சரியாகப் பால் குடிக்கவில்லை என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் ரத்தம் பார்க்கச் சொன்னார். நர்ஸ் குதிகாலில் ஒரு குத்து குத்தி, சுண்டுவிரல் நுனி அளவுக் குழாயில் சொட்டுச் சொட்டாகப் பிடித்தார். "இவ்வளவுதானா? என்கிட்ட வேணும்னா ஒரு பாட்டில் எடுத்துக்கங்க" என்றேன். "மாமா, கொஞ்ச நேரம் சும்மா இருங்க" என்றாள் உங்கள் மனைவி. அவள் முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் குழாயை ஒரு ஊழியர் லேபுக்கு எடுத்துப் போனார் பாருங்கள், அந்தப் பாவி மனிதர் இருமல் மருந்தைக் குலுக்குவதுபோல வழியெல்லாம் குலுக்கிக்கொண்டே போனார்! நான் பின்னாலேயே போய்க் கண்டித்தேன். கேட்டால்தானே?

லேபில் ஒரு அம்மா. மாப்பிள்ளை, அந்த அம்மாவுக்குச் சிலையே வைக்கலாம். மிஷின் பொட்டாசியம் எக்கச்சக்கம் என்று காட்டிவிட்டது. அது ஒரு உப்பு; ரத்தத்தில் எகிறினால் இதயத்தையே நிறுத்திவிடும். எட்டாம் வகுப்பை மூன்று வருஷம் ஆழமாகப் படித்ததால் எனக்கு இது தெரியும், அந்தம்மாவும் சொன்னார். வார்டு டாக்டர் போனில், "நம்பரைச் சொல்லுங்க, மருந்தை ஆரம்பிக்கணும்" என்று அவசரப்படுத்துகிறார். அந்தம்மா குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மேல நிக்கிற நீர் வைக்கோல் நிறமா இருக்கணும் டாக்டர். இது ரோஸா இருக்கு. குழாய் குலுங்கினதுல ரத்த செல் உடைஞ்சு, உள்ள இருந்த உப்பு கொட்டியிருக்கு. இது குழந்தையோட நம்பர் இல்ல, குழாயோட நம்பர். இதை நம்பி மருந்து கொடுத்தா குழந்தைக்குத்தான் ஆபத்து. தரமாட்டேன்."

போனில் ஒரே சத்தம். "நீங்க திட்டுங்க. ஆனா தரமாட்டேன்." நான், "அப்படிப் போடுங்கம்மா!" என்றேன். என்னை வெளியே நிற்கச் சொன்னார்.

பிறகு அவரே வார்டுக்கு வந்து, வெதுவெதுப்பான துணியைக் குதிகாலில் சுற்றி, பிதுக்காமல் கொள்ளாமல், தானாக வரும்வரை காத்திருந்து பத்தே சொட்டு எடுத்தார். "இந்த வயசுல உடம்பு முழுக்க ஒரு டம்ளர் ரத்தம்தான் பெரியவரே, வீணாக்கக் கூடாது" என்றார். அந்தப் பத்துச் சொட்டில் உப்பு, சர்க்கரை, இன்னும் என்னென்னவோ பார்த்துவிட்டார். நாமெல்லாம் ஒரு தொட்டித் தண்ணீரில் ஒரு சைக்கிளை உருப்படியாகக் கழுவத் தெரியாத ஜாதி! முடிவு வரும்வரை உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா ஒண்ணும் இருக்காதுல்ல மாமா?" என்றாள். "நான் சொல்லியாச்சு, இருக்காது" என்றேன். சொல்லிவிட்டு, நம் வீட்டுச் சாமிகள் பெயரை ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன், ஞாபகம் இருக்கிறதா என்று.

எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் வெறும் மூக்கடைப்பு. மூக்கு உங்கள் குடும்பத்து மூக்கு, கல்யாணத்தன்றே கவனித்தேன். மூக்கில் சொட்டு மருந்து விட்டதும் வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தூங்குகிறாள்.

காற்று உங்கள் பக்கமே வீசட்டும், அலை அடங்கிக் கிடக்கட்டும் என்று வாழ்த்தும்,
மாமா

பி.கு.: உங்களுக்கு முன்கோபம் அதிகம். அந்த ஊழியர்மேல் புகார் எழுதிவிடாதீர்கள். அப்படி ஒருவர் இல்லை. ஆள் வரத் தாமதமாகும் என்றதும் குழாயை வாங்கிக்கொண்டு ஓடியது நான்தான், குலுக்கியதும் நான்தான். பிள்ளைக்கு இரண்டாவது குத்து என்னால். ஒப்புக்கொண்டபோது அந்தம்மா திட்டவில்லை. இரண்டாவது குழாயையும் என் கையிலேயே கொடுத்து, "மெதுவா வாங்க" என்று பக்கத்தில் நடந்து வந்தார். அந்த நீள வராந்தாவில், மாப்பிள்ளை, நான் மூச்சுகூட விடவில்லை.