கடைசியாக வந்தவருக்கு முதல் ஆள்

நியாயஸ்தர் என்று ஒரு வகை மனிதர் உண்டு. தனக்கென்று எதையும் கேட்க மாட்டார். எல்லாருக்கும் நியாயம் வேண்டும் என்பார், அதற்கு ஒரு முறை வேண்டும் என்பார், அந்த முறை அமெரிக்காவில் எப்போதோ வந்துவிட்டது என்பார், கடைசியில் பார்த்தால் அந்த நியாயம் அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும். உங்களுக்குத் தெரியாதவரா என்ன?

யாங்கோனில் பசுந்தாங் பேட்டையின் பெண்கள் வாலிபால் அணியை நடத்தும் அய்யாசாமி, பர்மிய மரியாதைப்படி ஊ அய்யாசாமி, அசல் நியாயஸ்தர். தமிழர் போட்டியில் அவர் அணி போன வருஷம் கடைசி. க்யிம்யிண்டைங் பேட்டைக்காரர்கள் புது ஷூவும் டான்பவுக் பிரியாணியும் காட்டி நல்ல ஆட்டக்காரிகளை இழுத்துவிட்டார்கள் என்று அவருக்கு மனம் ஆறவில்லை. அவரும் காட்டித்தான் பார்த்தார். வெறும் தேநீர்.

அப்போதுதான் பேஸ்பால் சரித்திரம் அவர் போனில் அகப்பட்டது. அந்த ஆட்டத்தை அவர் பார்த்ததே இல்லை. அதனாலென்ன?

"பணக்கார டீமெல்லாம் பள்ளிக்கூடப் பசங்களைக் காசு கொட்டி அள்ளிக்கிட்டு இருந்தான்," என்றார் அணி நடத்துபவர்கள் கூட்டத்தில். "1965ல ஒரு முறை கொண்டுவந்தான். கடைசியா வந்த டீம் முதல்ல ஆள் எடுக்கும். எடுத்துட்டா அந்தப் பையன் வேற டீம்கிட்ட பேசக் கூடாது. எவ்வளவு நியாயம் பாருங்க!"

முதலாளிகளுக்குச் செலவும் மிச்சம் என்பதை மட்டும் இருமலோடு சேர்த்து விழுங்கினார். கைதட்டல் எழுந்தது; நம் போட்டிக்கும் அதே முறை என்று முடிவானது.

முதல் ஆளாகப் பவானியை எடுத்தார். நகரின் மறுகோடியில் ஷ்வேப்யிதா தையல் தொழிற்சாலையில் வேலை; அவள் ஓங்கி அடித்தால் எதிரணி கண்ணை மூடிக்கொள்ளும்.

"சயா, ஃபேக்டரி விட்டு பஸ் பிடிச்சு பசுந்தாங் வர்றதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிடும். எங்க பக்கத்து டீமுக்கே ஆடிக்கிறேனே?"

"முறைன்னா முறைதாம்மா. அமெரிக்காவுல..."

"அங்க அந்தப் பசங்களை யாராவது கேட்டாங்களா, சயா?"

அய்யாசாமி மின்விசிறியைப் பார்த்தார்.

அடுத்தது ஷ்வேப்யிதாவின் முறை. அணித்தலைவி விஜயகுமாரி நிதானமாகச் சொன்னாள்: "தமிழரசி."

அய்யாசாமியின் மகள்!

"என் பொண்ணா? அவ்வளவு தூரம் எப்படிப் போவா? அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அந்த மூச்சிலேயே 'நடத்துபவரின் குடும்பத்தாருக்கு விலக்கு' என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். எல்லாருக்கும் பசி. விஜயகுமாரியைத் தவிர எல்லாரும் கை தூக்கினார்கள். பவானிக்குக் கை தூக்க உரிமை இல்லை; அவள் ஆடுகிறவள்தானே!

அவள் பசுந்தாங்குக்கு வரவில்லை. ஆகவே எந்த அணிக்கும் ஆட முடியவில்லை. போட்டி நாட்களில் தொழிற்சாலைக்குப் பின்னால் கயிறு கட்டி, கூட வேலை செய்யும் பெண்களோடு பந்தடித்தாள். பசுந்தாங் மறுபடியும் கடைசி.

அய்யாசாமி கலங்கினாரா? முகம் மலர்ந்தார்!

"அடுத்த வருஷமும் முதல் ஆள் நமக்குத்தான்மா!"

தமிழரசி சட்டைக்கு மேல் போட்டிருந்த அணி பனியனைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள். "என் இடத்துக்கும் சேர்த்து ரெண்டு பேரா எடுத்துக்கங்கப்பா. நான் பவானி அக்காகூட ஆடப் போறேன்."

நியாயத்துக்குக் காலமில்லை என்று அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டில் எல்லாருடைய நன்மைக்காகவும் ஒரு ஏற்பாடு செய்தீர்களே, மற்றவர்கள் ஏன் வாயே திறக்கவில்லை?