கூழைக்கடாவுக்குப் பைலட் வேலை கிடைத்த கதை

ஒரு காட்டில், அதாவது சிங்கராஜா ஓய்வு பெற்றுக் காரியமெல்லாம் ஆபீஸ்கள் கைக்குப் போய்விட்ட ஒரு காட்டில், விமானிகளுக்குப் பஞ்சம் வந்துவிட்டது. யானை முதலாளி பெருமாள்சாமி 'தும்பிக்கை ஏர்வேஸ்' ஆரம்பித்து, எலி, அணில் எல்லோருக்கும் டிக்கெட்டும் விற்றுவிட்டார். ஓட்டத்தான் ஆள் இல்லை. 'பைலட் தேவை. வெளிக்காட்டு உரிமம் உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம்' என்று விளம்பரம் கொடுத்தார்.

அது தொலைவில் கோரைக்குளம் ஏரியில் இருந்த வடிவாம்பாள் கண்ணில் பட்டது. வடிவாம்பாள் ஒரு கூழைக்கடா. பன்னிரண்டு வருஷ அனுபவம், ஏரியின் முதல் வகுப்புப் பறத்தல் உரிமம். அலகுக்குக் கீழே தொங்கும் பையில் நாலு தவளைகளை உட்கார வைத்து, ஒருத்தர் கால்கூட நனையாமல் அக்கரை சேர்த்துவிடுவாள். உடனே விண்ணப்பம் போட்டாள்.

போட்டாள், அவ்வளவுதான். வேலை கிடைக்கவில்லை. நம்ம ஆட்களுக்கு அது போதாதா? ஏரி நலச் சங்கத் தலைவர் தவளை மாசிலாமணி மறுநாளே கரையில் இருபதடி ஃபிளெக்ஸ் பேனர் கட்டிவிட்டார். தொப்பி, கூலிங் கிளாஸ், தோளில் கேப்டனுக்கு உள்ள நாலு பட்டையோடு வடிவாம்பாள். 'வெளிக்காட்டு வானை ஆளப் புறப்படும் எங்கள் கழுகே!' கழுகு என்று போட்டதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மாலை போட்டு, வெடி வெடித்து, ஏரியே அழுது வழியனுப்பியது. இனி வேலையில்லாமல் திரும்பினால் அந்தப் பேனருக்குக் கீழேதான் இறங்க வேண்டும்.

காட்டில் தங்க முப்பது நாள்தான் அனுமதி. முதல் நாளே வான்வழி ஆபீசுக்குப் போனாள். இயக்குநர் சேவல் தாண்டவராயன். வாழ்நாளில் அவர் பறந்த அதிகபட்ச உயரம் ஒரு கூரை. அதுவும் பூனை துரத்தியதால்.

"எப்படி வந்தீங்க?"

"பறந்துதான் சார்."

"அடப்பாவமே! எங்க உரிமம் இல்லாம எங்க வானத்துல பறந்தீங்களா? எல்லைக்குத் திரும்பிப் போய் நடந்து வாங்க."

போகும்போதும் பறக்கக் கூடாதாம். நடந்தே போய் நடந்தே வந்ததில் பத்து நாள் போச்சு. கூழைக்கடா நடந்து பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதீர்கள், பாவம்.

"இப்ப சரி," என்றார் சேவல். "ஆனா உங்க ஏரி உரிமம் இங்க செல்லாதும்மா. உள்ளூர் உரிமம் வேணும். அதுக்கு முதலாளி கடிதம் வேணும்."

முதலாளியிடம் ஓடினாள். "உள்ளூர் உரிமத்தைக் கொண்டா, கையோட கடிதம் தரேன்," என்றார் யானை.

திரும்பி ஓடினாள். "கடிதம் இல்லேன்னா நூறு மணி நேரம் எங்க வானத்துல பறந்திருக்கணும்," என்றார் சேவல்.

"பறக்க உரிமம் வேணும்னீங்களே சார்?"

"ஆமா."

"உரிமம் வாங்கப் பறந்திருக்கணும்?"

"கரெக்டா பிடிச்சுட்டீங்களே! பாதிப் பேருக்கு இதுவே புரியறதில்லை."

தினமும் காலையில் மாசிலாமணி போன் பண்ணுவார். "என்னக்கா, யூனிஃபார்ம் வந்தாச்சா?"

"தைக்கக் கொடுத்திருக்கு மாசிலாமணி." பொய் சொல்லிச் சொல்லி அவளுக்குப் பைகூட வறண்டுவிட்டது.

இருபத்தொன்பதாம் நாள் சேவல் முன்னால் நின்று ஓவென்று அழுதுவிட்டாள். "எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை பறக்கறதுதான் சார். ஊருக்கு எந்த முகத்தோட போவேன்?"

அந்த நேரம் பார்த்து வீடியோ காலில் மாசிலாமணி. "அக்கா, பழைய பேனர் வெளுத்துப்போச்சு. புதுசா முப்பதடியில கட்டிட்டோம், பாருங்க!"

சேவல் மேஜைமேல் ஏறி எட்டிப் பார்த்தார். கொண்டை சிலிர்த்தது.

"முப்பதடியா? இன்னும் வேலையே கிடைக்கலியேம்மா!"

"எங்க ஊர்ல அப்படித்தான் சார்."

"இருபது வருஷ சர்வீஸ்," என்றார் சேவல். "எனக்கு ஒருத்தர், ஒரே ஒருத்தர், கைக்குட்டை அளவுலகூட பேனர் வெச்சதில்லை."

வடிவாம்பாள் கண்ணைத் துடைத்தாள். போனை எடுத்தாள். "மாசிலாமணி, ராத்திரிக்குள்ள இங்க ஒரு பேனர் வேணும்."

மறுநாள் காலை விமான நிலைய வாசலில் நாற்பதடிக்குத் தாண்டவராயன் நின்றார். பைலட் தொப்பி, கூலிங் கிளாஸ், விரித்த இறக்கை. 'வானமே வணங்கும் வள்ளலே!' கீழே ஒரு மூலையில், புளியங்கொட்டை அளவில் வடிவாம்பாள்.

பத்து மணிக்கு உரிமம் கையில் இருந்தது.

"நூறு மணி நேரம்?" என்று அவளே கேட்டாள்.

"பத்து நாள் நடந்தீங்கல்ல? எங்க வானத்துக்குக் கீழதானே நடந்தீங்க? சேர்த்துக்கிட்டேன்."

துள்ளிக்கொண்டு யானையிடம் ஓடினாள். யானை பேனரை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருய்யா இவரு! முகத்துலயே களை தெரியுதே. இவர்தான் நமக்குக் கேப்டன்!"

"முதலாளி, நான்..."

"மூலையில இருக்கற பொண்ணா? நீ துணை விமானி."

சாயங்காலம் முதல் விமானம் கிளம்பியது. விமானமும் வடிவாம்பாள்தான்; அவள் முதுகில் பதினெட்டுப் பயணிகள். அலகுப் பையில் கேப்டன், தலையையும் தொப்பியையும் மட்டும் வெளியே நீட்டியபடி.

"வடிவு, எனக்கு உயரம்னா பயம்மா."

"கண்ணை இறுக்க மூடிக்குங்க சார்."

முப்பது நாளுக்குப் பிறகு இறக்கையை விரித்தாள். காற்று ஏந்திக்கொண்டதும் சந்தோஷம் தாங்காமல் சிரித்தாள். அலகு திறந்ததில் கேப்டன் கீழே விழப் பார்த்தார்.

"நான் கேப்டன் பேசறேன்," என்றார் அவர் நடுங்கி. "எல்லாரும் சாமியைக் கும்பிட்டுக்குங்க!"

முதல் சேவையே கோரைக்குளத்துக்குத்தான். தன் பேனருக்குக் கீழேயே ஜம்மென்று இறங்கினாள். பேனரில் நாலு பட்டை, தோளில் மூணு. மாசிலாமணி எண்ணிப் பார்க்கவில்லை. மாலையைக் கேப்டன் கழுத்தில் போடும் அவசரத்தில் இருந்தார்.

நீதி: உரிமத்தைத் தூக்கிக்கொண்டு அலைபவருக்கு வேலை கிடைக்காது. உரிமம் கொடுப்பவரைத் தூக்கிக்கொண்டு பறப்பவருக்கே கிடைக்கும்.