சீல் சரி, சரக்குதான் வேறு

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். திருவொற்றியூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் கேட் செக்கர். பத்தொன்பது வருஷம் ஆகிறது. டிரெய்லர் வந்து நின்றதும் பேப்பரில் இருக்கிற சீல் நம்பரையும் கதவில் தொங்குகிற சீல் நம்பரையும் எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்ப்பேன். டிரைவர் சிரித்தால் சந்தேகம். சிரிக்காவிட்டால் இரண்டு மடங்கு சந்தேகம். "அம்புரோஸ் டூட்டின்னா கொசு கூட கேட் பாஸ் எடுத்துகினுதான் போவும்" என்பார்கள் டிரைவர்கள். திட்டுகிறார்கள் என்று தெரியும். இருந்தாலும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இப்பேர்ப்பட்ட என்னை, எம்.சி. ரோட்டில் ஜாக்கெட் தைக்கிற ஒருத்தி ஏமாற்றினாள். அவள் வேறு யாருமில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ராயபுரம் சர்ச்சில் சாட்சிகளோடு நான் கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்த ரேச்சல்தான்.

எல்லாம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது. டூட்டி முடிந்து வந்து உட்கார்ந்தேன். தட்டில் வஞ்சிரம் வறுவல். அதுவும் இரண்டு துண்டு. எங்கள் வீட்டில் செவ்வாய் என்றால் ரசம், அப்பளம், திங்கட்கிழமையின் மிச்சம். எனக்குள் மணி அடித்தது.

"இன்னா விசேஷம்?"

"ஒரு மனுசன் வாய்க்கு ருசியா துன்னா அது விசேஷமா? முள்ளு பாத்து துண்ணு."

"இல்ல, செவ்வாக்கெழம..."

"வோணாம்னா சொல்லு, பக்கத்து வூட்டு ஷம்ஷாத்துக்குக் குடுத்துடறேன்."

தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சந்தேகம் வேறு, வஞ்சிரம் வேறு.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனேன். சமையற்கட்டு ஜன்னல் வழியாக ரேச்சல் போனில் பேசுவது கேட்டது. குசுகுசுவென்று பேசினாள். எங்கள் வீட்டுக் குசுகுசு நாலு தெரு தள்ளி பனைமரத்தொட்டி வரைக்கும் கேட்கும்.

"ஆமாக்கா, அவனுக்கு ஒரு வூடு வோணும். எத்தினி நாளு அங்கயே கெடப்பான்? சோறு கூட பாதிய மிச்சம் வெக்கறான், பாவம். எங்க ஜெமிமா ரூமு சும்மாதான கீது, அங்க படுத்துக்கட்டும். துண்றதுக்கு இன்னா, சங்கரா தல குடுத்தா போதும், துன்னுட்டு தூங்குவான். கல்யாணமா? அந்தத் தொல்லயே இல்ல, அதான் ஆபரேசன் பண்ணிட்டாங்களே... எங்க வூட்டுக்காரரா? மொதல்ல கத்துவாரு. அப்பால அவரே போயி கூட்டிகினு வருவாரு பாரு."

கையில் இருந்த சோப்பு நழுவிச் சாக்கடையில் விழுந்தது.

ஜெரால்ட்! என் மச்சான். ரேச்சலின் தம்பி. வயது நாற்பது. கல்யாணம் ஆகவில்லை. வியாசர்பாடியில் ஒரு தோஸ்து வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறான். போன வருஷம்தான் ஹெர்னியா ஆபரேஷன் நடந்தது. மீன் தலை என்றால் உயிர். எல்லா நம்பரும் ஒத்துப்போயிற்று. ஐந்து வருஷத்துக்கு முன்னால் "ரெண்டு நாள்ல கெளம்பிடுவேன் மாமா" என்று வந்தவன் பதினோரு மாதம் இருந்தான். என் லுங்கி, என் சேர், என் ரேசர், எல்லாவற்றையும் அனுபவித்தான். நான் கட்டின வீட்டில் பாத்ரூமுக்கு நான் வரிசையில் நின்றேன். இன்னொரு முறை அவனை உள்ளே விட்டால் என் பேர் அம்புரோஸ் இல்லை என்று அன்றைக்கே சபதம் எடுத்தேன்.

மறுநாள் காலை ரேச்சல் கடைக்குக் கிளம்பியதும் ஜெமிமாவின் அறையைச் சோதனை போட்டேன். மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய் ஒரு வருஷம் ஆகிறது. துவைத்து மடித்த பழைய போர்வை ஒன்று. எவர்சில்வர் தட்டு ஒன்று. கட்டிலுக்கு அடியில் ஒரு ரப்பர் பந்து. நாற்பது வயதில் ஜெரால்டுக்குப் பந்து எதற்கு? வியாசர்பாடிக்காரன், ஃபுட்பால் ஆடுவான் என்று நானே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டேன். பத்தொன்பது வருஷ அனுபவம் அப்படி.

டீக்கடையில் ரஹீம் பாயைப் பிடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர், ஷம்ஷாத்தின் கணவர், சாத்தாங்காட்டில் இரும்பு வியாபாரம். விஷயத்தை மொத்தமாகக் கொட்டினேன். அவர் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

"மாமு, இதுக்கா பேஜாரு? உன் மச்சானுக்கு நாய்னா அலர்ஜி, தெரியாதா? நாயப் பாத்தா காத தூரம் ஓடுவானாம்."

"யாரு சொன்னது?"

"ஷம்ஷாத் சொன்னா."

"அதுக்கு?"

"ஒரு நாயக் கொணாந்து அந்த ரூம்ல வுடு. மச்சான் வாசல்லயே யூ டர்ன் போட்டுடுவான்."

எனக்கு ரஹீம் பாயைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஒரே ஒரு சிக்கல். நாய் வளர்க்கலாம் என்று ரேச்சல் இதுவரை ஐந்து முறை கேட்டிருக்கிறாள். ஜெமிமா போன பிறகு மட்டும் மூன்று முறை. "வூடு கம்முனு கீதுய்யா, சுவத்தப் பாத்து பேசிகினு கீறேன்" என்பாள். ஐந்து முறையும் முடியாது என்றேன். இப்போது நானே கொண்டுவந்தால்? அட, அதனால்தானே நல்லது! கேட்டவளே எப்படி வேண்டாம் என்பாள்?

"நாய்க்கு எங்க போறது பாய்?"

"மாதவரம் தாண்டி ஒரு காப்பகம் கீது. தெருவுல அடிபட்டு கெடக்கற நாயெல்லாம் வெச்சிகினு தத்து குடுக்கறாங்க. இந்தா நம்பரு."

பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து டக்கென்று நம்பரைச் சொன்னார். நாயே வளர்க்காத ஆள் போனில் நாய் காப்பகத்து நம்பர் எதற்கு இருக்கிறது? அந்த ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை லீவு போட்டேன். சர்ச் கமிட்டி கூட்டம் என்று ரேச்சலிடம் சொன்னேன். "நல்லா வெள்ளச் சட்ட போட்டுகினு போ. முடி தெரியும், பரவால்ல" என்றாள். என்ன முடி என்று நான் யோசிக்கவில்லை. அவசரம்.

காப்பகத்தில் செங்கொடி என்கிற பொம்பளை பொறுப்பில் இருந்தார். கையில் புண்ணுக்குப் போடுகிற மருந்து, தோளில் ஒரு நாய்க்குட்டி.

"எந்த மாதிரி நாய் வோணும்ணா?"

"பாத்தவுடனே மனுசன் ஓடணும்."

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். பிறகு கடைசிக் கூண்டைத் திறந்தார். கறுப்பும் பழுப்பும் கலந்த ஒரு நாட்டு நாய் நொண்டி நொண்டி வந்தது. ஒரு காதில் கத்தரித்த அடையாளம். ஆபரேஷன் ஆன நாய்க்கு அப்படி வெட்டி விடுவார்களாம். அது என்னைப் பார்த்துக் குரைக்கவில்லை. கிட்டே வந்து என் ஷூவின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.

"இது யாரையும் ஓட வெக்காது போல கீதே?"

"பேரு துரைண்ணா. எண்ணூர் ரோட்ல லாரி இடிச்சிப் போட்டுட்டுப் போயிடுச்சி. ரெண்டு வருசமா இங்கதான். பதினோரு தடவ தத்து குடுக்கற கேம்ப்புக்கு இட்டுகினு போனோம். எல்லாரும் குட்டியத்தான் தூக்கறாங்க. ஆறு வயசு நொண்டிய யாரு எடுப்பா? ஒவ்வொரு தடவயும் வேன்ல திரும்பி வரும்போது இவன் ஜன்னல் பக்கமே மூஞ்சிய வெச்சிகினு வருவான். இப்போ சோறும் சரியா துண்றதில்ல."

யார்டில் சில கண்டெய்னர்கள் வரும். எடுக்க ஆள் வராது. மாதக் கணக்கில் மூலையில் நின்று துருப் பிடிக்கும். ரவுண்ட்ஸ் போகும்போது அவற்றைப் பார்த்தால் காரணமில்லாமல் எனக்குச் சங்கடமாக இருக்கும். உண்மையைச் சொல்கிறேன், துரையைப் பார்த்ததும் அதே சங்கடம். ஜெரால்டைத் துரத்த வந்தவன் அந்த நிமிஷம் ஜெரால்டையே மறந்துவிட்டேன்.

பிறகு ஞாபகம் வந்தது. வெற்றியை அனுபவிக்க வேண்டாமா? ரேச்சலுக்குப் போன் போட்டேன்.

"ரேச்சலு, நான் ஒரு நாயத் தத்து எடுக்கப் போறேன்."

"நாயா? அய்யய்யோ, வோணாம்யா!"

அந்த அலறலைக் கேட்க எவ்வளவு இனிமையாக இருந்தது!

"ஜெமிமா ரூம்லதான் வுடப் போறேன்."

"யோவ், நான் கடைக்குப் போயிட்டா பகல்ல யாருய்யா பாக்கறது? அதுக்குன்னு ஒரு ஆளு வோணுமே!"

"அதெல்லாம் அப்பால பாத்துக்கலாம்!"

"யோசிச்சி செய்யி. அப்பறம் என்னக் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன். நீயும் என்னக் கேக்காத!"

போனை வைத்தேன். அவள் ஆட்டோ பிடித்து வந்து தடுப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். செங்கொடி மூன்று பக்கப் படிவத்தை நீட்டினார். என் பேர், விலாசம், வீட்டில் எத்தனை அறை, எல்லாம் முன்னாலேயே டைப் அடித்திருந்தது. என்ன ஒரு நிர்வாகம் என்று வியந்தேன். படிவத்தில் இருந்த பதிவு நம்பரையும் துரையின் கழுத்து வில்லையில் இருந்த நம்பரையும் எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. மூன்று இடத்தில் கையெழுத்து.

ஆட்டோ ராயபுரம் வந்து நின்றது. ரேச்சல் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினேன். எனக்கு முன்னால் துரை குதித்தான். நொண்டியா அவன்? மூன்று காலிலேயே பறந்துபோய் அவள் புடவையில் ஏறினான்.

"துரை! என் கண்ணு! வந்துட்டியாடா!"

நான் இன்னும் பேரைச் சொல்லவே இல்லை.

"உனக்கு எப்பிடித் தெரியும் அவன் பேரு?"

"நாலு மாசமா வியாழக்கெழம வியாழக்கெழம சங்கரா தல எடுத்துகினு போறேன், பேரு தெரியாதா? போன்ல அன்னிக்கு அவ்ளோ சத்தமா செங்கொடி அக்காகிட்ட சொன்னேனே. நீ ஜன்னல்கிட்டதான நின்னுகினு இருந்த?"

மண்டைக்குள் எல்லாம் ரிவர்ஸில் ஓடியது. சங்கரா தலை. ஆபரேஷன். போர்வை, தட்டு, பந்து. டீக்கடை. ஷம்ஷாத் சொன்னாள். ஷம்ஷாத்துக்கு யார் சொன்னது? வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்தேன். நெஞ்சு முழுக்கக் கறுப்பும் பழுப்பும் முடி.

சரி போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தோற்றதும் ஒரு வகையில் ஜெயித்ததுதான். பேசினது நாயைப் பற்றி என்றால், ஜெரால்ட் வரவில்லை என்றுதானே அர்த்தம்?

அன்று சாயந்தரம் ரேச்சல் சோறும் மீன் தலையும் பிசைந்து வைத்தாள். துரை மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கினான். நான் ஒரு உருண்டை பிடித்துக் கையில் நீட்டினேன். தின்றான். இன்னொன்று. அதையும் தின்றான். கடைசியில் தட்டைச் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் நக்கினான். அந்த நேரம் பார்த்து அவள் படிவத்தை என் முன்னால் விரித்தாள்.

"ஏழாவது ஷரத்து படிச்சியா?"

"நம்பரெல்லாம் பாத்தேன்."

"எழுத்தப் பாரு."

படித்தேன். நாயைப் பகலில் தனியாக விடக் கூடாது. வீட்டிலேயே தங்கும் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். அதிகாரிகள் சொல்லாமல் வந்து பார்ப்பார்கள். ஆள் இல்லாவிட்டால் நாய் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். பொறுப்பாளர் பெயர்: ஜெரால்ட். உறவு: விண்ணப்பதாரரின் மைத்துனர்.

கீழே என் கையெழுத்து. அழகாகப் போட்டிருந்தேன்.

"அவனுக்கு நாய்னா அலர்ஜின்னு..."

"அவனுக்கா? காப்பகத்துல துரையக் குளிப்பாட்டி வுடறதே அவன்தான். அவனும் வூடு இல்லாமதான கெடக்கறான்? ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே போன்ல பேசி முடிச்சிட்டேன்."

"முடியாது! நான் போய் இந்த நாயத் திருப்பிக் குடுத்துட்டு வரேன்!"

"குடு. பன்னண்டாவது தடவயா வேன்ல ஏத்து."

துரை வந்து என் பாதத்தின் மேல் தாடையை வைத்தான். தத்து எடுத்தவன் தத்தளித்தேன். ரேச்சல் படிவத்தை மடித்து வைத்தாள்.

திங்கட்கிழமை டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் துரை நின்றிருந்தான். என் இடது பாக்கெட்டை மோந்தான். வலது பாக்கெட்டை மோந்தான். டிபன் பையைச் சுற்றி வந்தான். பிறகு வழியை மறித்து நின்று உர்ரென்றான். உள்ளே என் சேரில், என் லுங்கியில் இருந்துகொண்டு, "யாருக்கா வாசல்ல?" என்று கேட்டான் ஜெரால்ட்.

சமையற்கட்டிலிருந்து ரேச்சலின் குரல் வந்தது.

"உள்ள வுட்ருடா துரை, அதான் கையெழுத்து போட்டுட்டாரே!"