ஓமா லீன்ச்சேயின் மூன்று ஸ்பேட்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் லோகோன் மலை என் வீட்டுக் கூரைமேலேயே நெருப்பைக் கக்கட்டும்.

“மூணு டைமன்,” என்றாள் ஓமா லீன்ச்சே, வழக்கம்போல.

எதிர் ஜோடியில் ஆடிய யோப்பி ருமோண்டோர் பல்லைக் கடித்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தோமொஹோன் சந்தைக் காபிக்கடையில் இன்று ஜெயிக்கும் ஜோடிதான் மனாடோ பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டிக்குப் போகும். பதினோரு வருடமாகப் போய்வருவது எண்பத்திரண்டு வயதுப் பாட்டியான இந்த ஓமாவும் அவள் மகன் நோல்டியும்.

எத்தனை பிடி எடுப்போம் என்ற ஏலத்தை மற்றவர்கள் ஒன்றில் தொடங்கி, கூட்டாளியின் கையை அறிந்துகொண்டு மெல்ல ஏறுவார்கள். ஓமா எடுத்த எடுப்பில் மூன்றுக்குத் தாவிவிடுவாள். எதிராளிக்குப் பேச இடமே இருக்காது. அப்படிக் கேட்பவரிடம் ஒரே இனத்தில் ஏழு சீட்டு இருக்கும், மற்றபடி கை காலி என்று யோப்பி நாற்பது பக்கம் ஆராய்ந்து எழுதி வைத்திருந்தார்.

“டபுள்!” என்று கத்தினார். சந்தையில் இரண்டு கோழிகள் அப்போதே முட்டையிட்டன.

எதிரே கூட்டாளியாக அமர்ந்திருந்த மனைவி அல்ச்சே, “பாஸ்” என்றாள். ஓமா கேட்டதைவிட ஒரு பிடி அதிகமாகவே எடுத்தாள்.

“ஏன் பாஸ் சொன்ன?”

“நீ அவங்கள மாட்டிவிடப் பாக்கறன்னு நெனச்சேன்.”

“நான் டபுள்னா, நீ உன் இனத்தச் சொல்லணும்!”

“இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

அடுத்து ஓமா மூன்று கிளாவர் கேட்டபோது யோப்பியின் கையிலேயே ஐந்து கிளாவர். இம்முறை நிஜமாகவே மாட்டிவிடத்தான் டபுள் சொன்னார். அல்ச்சே அவர் சொன்ன சொல் தவறாமல், ஆட்டினில் நாலே நாலு பொடிச் சீட்டை வைத்துக்கொண்டு “மூணு ஆட்டின்” என்றாள். நான்கு பிடி குறைந்தது.

“என்னை மொறைக்காத யோப்பி. நீதான சொல்லச் சொன்ன?”

மூன்றாம் முறை இருவரும் வாயே திறக்கவில்லை. பிறகு சீட்டை விரித்துப் பார்த்தபோது தெரிந்தது, வாய் திறந்திருந்தால் அவர்களுக்கே பன்னிரண்டு பிடி.

“என்ன வாத்தியாரே, ஜெபத்துல இருந்தீங்களா?” என்றான் நோல்டி.

யோப்பி விடுகிற ஆள் இல்லை. மற்றவர்கள் ஏலத்தில் முந்திக்கொண்டு, ஓமா வாய் திறக்க முடியாத ஆட்டங்களில் எல்லாம் அடித்துப் பிடித்து, சமனுக்குக் கொண்டுவந்துவிட்டார். மிச்சம் ஒரே ஆட்டம்.

“மூணு ஸ்பேட்,” என்றாள் ஓமா.

யோப்பி கண்ணை மூடினார். ஓமாவிடம் ஏழு ஸ்பேட். தன்னிடம் மூன்று. நோல்டிக்கு இரண்டு வைத்தால் அல்ச்சேயிடம் ஒன்றுதான். ஒரு பிடி போனாலும் மற்றதை அவள் ஆட்டின் துருப்பால் வெட்டலாம். பதினோரு வருடக் கணக்கும் இப்படி ஒன்றுகூடிப் பொருந்தியதில்லை. அவர் யோசித்து முடிக்கும்வரை லோகோன் புகைவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது.

“இன்னிக்கு நான் பயப்படறதா இல்ல. ஆறு ஆட்டின்!”

ஆறு என்றால் பதின்மூன்றில் பன்னிரண்டு பிடி எடுத்தாக வேண்டும். மூன்று பேரும் பாஸ். ஏலம் முடிந்தது.

கடைக்காரி மெய்ஸ்கே கோப்பைகளோடு வந்தாள்.

“ஓமா, கவுந்து கெடக்குற உங்க சீட்ட எடுங்க, காபி வைக்கணும். அதான் எப்பவும்போல பாக்காமலே கேட்டு முடிச்சாச்சே, இனிமே பிரிச்சுப் பாக்கலாம்ல?”